என் லேப்டாப் குமுளி ஏறிய கதை

முதல் நாள் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. என் லேப்டாப் லேசாகச் சூடானது.
2. ஒருவர் என் பின்னால் வந்து நின்று, காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொடுவதுபோல் அதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.
3. "ஆத்தா, இது கொதிக்குது" என்றார்.
4. இது வழக்கமான சூடுதான் என்று அவரிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.
5. திரும்பி வந்தபோது லேப்டாப்பின் மூடி சாத்தியிருந்தது. மூடியின் மேல் ஒரு ஈரச்சாக்கு கிடந்தது.
6. சாக்கை எடுத்துவிட்டுத் திறந்தேன். திரை இருட்டாக இருந்தது.
7. "பாத்தியா, குளுந்திருச்சு" என்றார் அவர்.

மூடியைச் சாத்தினால் லேப்டாப் தூங்கப் போய்விடும். அதற்கும் சாக்குக்கும் சம்பந்தமில்லை. இதை அன்றே விளக்கினேன், பிறகும் பலமுறை விளக்கியிருக்கிறேன். அதைக் குளிரவைத்தது சாக்குதான் என்று அவர் இன்றுவரை நம்புகிறார்.

கூடலூரிலிருந்து குமுளி வரை உள்ள மலைப்பாதையில், சூட்டைக் கண்டு இவரளவுக்குப் பயந்த மனிதர் ஏறியதும் இல்லை, இறங்கியதும் இல்லை. வெயிலைச் சொல்லவில்லை. வெயில் அவருக்கு ஒரு பொருட்டே கிடையாது. சித்திரை மாதத்து மத்தியானத்தில் செருப்பில்லாமல் தார்ச்சாலையைக் கடப்பார். ஆனால் ஓடுகிற பொருள் எதுவும் சூடாகக் கூடாது. மிக்சி, மோட்டார், செல்போன், கல்யாண வீட்டு ஜெனரேட்டர், எதைக் கண்டாலும் புறங்கை போய்விடும். ஒருமுறை கோயில் திடலில் ஒருவர் விடாமல் பேசிக்கொண்டே இருந்தார். இவர் மேடையேறி, மைக்குக்கு இணைப்புக் கொடுத்திருந்த பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் நிறுத்திக்கங்க, சூடாயிருச்சு" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஏன் தட்டினார்கள் என்பது அவருக்குப் புரியவில்லை.

ஊரில் அவருக்குப் பெயர் ரேடியேட்டர். சொந்தப் பெயர் அவருக்கும் வாக்காளர் அட்டைக்கும் மட்டும் தெரியும். என் அம்மா அவரை அண்ணே என்று கூப்பிடுவதால் எனக்கு அவர் மாமா. ரேடியேட்டர் மாமா.

பெயர் வந்த கதையைக் கூடலூரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். எல்லார் கதையிலும் பொதுவாக வருவதை மட்டும் எழுதுகிறேன். மாமா அப்போது ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவது, சாயங்காலம் இறக்கிக் கொண்டுவருவது. ஒரு முகூர்த்த நாளில் பெண்ணழைப்புக்காகக் குமுளிக்கு வண்டி பேசியிருந்தார்கள். கல்யாணப்பெண், பெண்ணின் இரண்டு அத்தைகள், சீர்வரிசைப் பாத்திரம், மாப்பிள்ளை வீட்டுக்கென்று இரண்டு குலை இளநீர். பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. தண்ணீர் கேனைப் பார்த்தால் காலி. அந்த வளைவில் ஊற்றும் இல்லை, ஓடையும் இல்லை. மாமா வண்டியை ஆறவிட்டார். பிறகு அரிவாளை எடுத்து இளநீர் ஒவ்வொன்றாகச் சீவி, அத்தனையையும் ரேடியேட்டரில் ஊற்றினார். வண்டி ஏறிவிட்டது. மாப்பிள்ளை வீட்டில் இளநீர் எங்கே என்று கேட்டார்கள். மாமா உள்ளதைச் சொன்னார். "வண்டி குடிச்சிருச்சு."

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரி போகிற மகள் இருக்கிறாள். கடைவீதியில் மாமாவைப் பார்த்தால் இன்னமும் கேட்பார்: "என்னண்ணே, ஒங்க வண்டிக்குத் தாகம் தீந்துச்சா?"

பிறகு அவருக்கு இடுப்பு வலி வந்தது. மலைப்பாதையில் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பை விற்றார். வாங்கியவர் புது சீட் போட்டுக்கொள்வதாகச் சொன்னதால் பழைய சீட்டுகள் ஷெட்டிலேயே தங்கிவிட்டன. ஹாரனைக் கொடுக்க இவருக்கே மனம் வராமல் கழற்றி வைத்துக்கொண்டார். அந்தச் சமயத்தில்தான் சென்னை, பெங்களூரு என்று போயிருந்த நாங்களெல்லாம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பினோம். வீட்டுக்குள் சிக்னல் வராது, வெளியே உட்கார்ந்தால் ஆடு வரும். மாமா காலி ஷெட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். ஓர் இணைய இணைப்பு, ஓர் இன்வெர்ட்டர், இரண்டு மின்விசிறி. சீட்டுகளை எதிரெதிரே போட்டு நடுவில் நீள மேஜை. வேலை செய்ய ஓர் இடம் தயார். அதற்குப் பெயர் எதுவும் வைக்கவில்லை. நாங்கள் ரூம் என்போம். அவர் வண்டி என்பார்.

பேச்சுக்குத்தான் வண்டி என்கிறார் என்று முதலில் நினைத்தேன். அப்படியில்லை. ஆள் சேராமல் ரூமைத் திறக்க மாட்டார். காலையில் எனக்கு இணையக் கூட்டம் இருக்கும். நான் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பேன். "இன்னும் ரெண்டு பேரு ஆத்தா. அந்தா வாராக" என்று யாருமில்லாத தெருவைக் காட்டுவார். முற்பகலில் ஒருமுறை ஹாரன் அடிப்பார். அது தேநீருக்கு. எல்லோரும் லேப்டாப்பை நிறுத்திவிட்டு இறங்கிவிட வேண்டும். மலையில் அந்த நேரத்தில் அவர் இருபது வருடம் வண்டியை ஆறப்போட்டவர். எங்களையும் ஆறப்போட்டார்.

நிரந்தரப் பயணிகள் மூன்று பேர். வளைகுடா நாட்டுப் பிள்ளைகளுக்கு இணையத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கும் கணக்கு டீச்சர் ஒருவர். கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் பாண்டி அண்ணன் இன்னொருவர். அவருடைய லேப்டாப்பின் விசிறி மாவு மில் மாதிரி இரையும். அதனால் அவருக்கு மாமாவின் தனிக் கவனிப்பு உண்டு. மூன்றாவது ஆள் நான். ஒரு சென்னை நிறுவனத்தில் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது என் வேலை. பிழையைக் கண்டால் வரிசை எண் போட்டு எழுதுவேன். வேலையில் வந்த பழக்கம், மற்ற எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது.

அதனால் ஈரச்சாக்கு சம்பவத்துக்கு மறுநாள் அவரை உட்காரவைத்து ஒழுங்காக விளக்கினேன். லேப்டாப் என்றால் சூடாகத்தான் செய்யும். சும்மா இருக்கும்போது நாற்பதிலிருந்து ஐம்பது டிகிரி. சாதாரண வேலைக்கு அறுபது, எழுபது. கடினமான வேலை கொடுத்தால் எண்பத்தைந்து வரை போகும், பயமில்லை. தொண்ணூற்றைந்தைத் தாண்டினால்தான் கவனிக்க வேண்டும். நூறை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே அணைந்துவிடும். இந்தக் கணக்கு உள்ளே இருக்கும் சில்லுக்கு. வெளியே தொட்டால் தெரிவது அதில் பாதிகூட இருக்காது. ஆகவே புறங்கையால் தொட்டுச் சொல்வது செல்லாது.

மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்.

"இத அது வாயால சொல்லுமா?"

சொல்லவைத்தேன். வெப்பநிலையை எப்போதும் திரை மூலையில் காட்டும் ஒரு சின்ன நிரலை மூன்று லேப்டாப்பிலும் போட்டேன். அதோடு தொந்தரவு தீர்ந்துவிடும் என்று எண்ணினேன். அதுவரை அவரிடம் புறங்கை மட்டும்தான் இருந்தது. இப்போது எண்ணும் சேர்ந்துகொண்டது.

மறுநாள் ரூம் சுவரில் சாக்கட்டியால் ஒரு சாலை வரைந்திருந்தார். கீழே கூடலூர், நாற்பத்தைந்து. அதற்கு மேல் மலையடிவாரமான லோயர் கேம்ப், அறுபது. பிறகு வளைவுகள். எழுபத்தைந்தில் பலாமர வளைவு, எண்பத்தைந்தில் கோயில் வளைவு, தொண்ணூற்றைந்தில் மொட்டைப்பாறை. உச்சியில் குமுளி செக்போஸ்ட், நூறு. "செக்போஸ்ட்டத் தொட்டா நிறுத்திருவாக" என்று விளக்கம் வேறு. நான் சொன்ன தகவல் முழுவதும் அதில் பிழையில்லாமல் இருந்தது. மென்பொருள் சோதனையில் நான் பார்த்த பல வரைபடங்களைவிடத் தெளிவாகவும் இருந்தது.

பயம் மட்டும் குறையவில்லை.

"டீச்சர், ஒங்க வண்டி லோயர் கேம்ப் தாண்டிருச்சு."

"தாண்டட்டும் அண்ணே, பின்னம் நடத்திக்கிட்டு இருக்கேன்."

"பின்னத்த அப்பறமா நடத்துங்க. ஏலே பாண்டி, நீ பலாமரத்துல நிக்கிற. இன்னும் எத்தன பத்திரிக?"

"மாமா, மணமகள் பேரே இன்னும் போடல."

"மதி. மாப்பிள்ள பேரோட நிப்பாட்டு."

மதி என்றால் மலையாளத்தில் போதும். குமுளியிலிருந்து அவர் இறக்கிக்கொண்டு வந்த சரக்குகளில் அதுவும் ஒன்று.

சூடு தணிக்க அவர் செய்த வைத்தியங்களைத் தனியாகவே எழுதலாம். ஈரச்சாக்குக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய முதல் ஜீப் பழைய பெட்ரோல் வண்டி. ஏற்றத்தில் அதன் பெட்ரோல் பம்பு சூடாகி நின்றுபோகும். அதன்மேல் ஈரச்சாக்கு சுற்றினால் மறுபடி கிளம்பும். அந்தக் கணக்கில்தான் என் லேப்டாப்புக்கும் போட்டாராம். சொட்டாத அளவுக்குப் பிழிந்துதான் போட்டதாக வருத்தத்தோடு சொன்னார். அடுத்ததாக வாழைமட்டை. தோட்டத்திலிருந்து பச்சையாக உரித்துக்கொண்டு வந்து எங்கள் லேப்டாப்புகளுக்கு அடியில் பரப்பினார். தொட்டால் ஜில்லென்றுதான் இருந்தது. மத்தியானத்துக்குள் எறும்பு வந்தது. டீச்சரின் விசைப்பலகைக்குள் போனவை வெளியே வர ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் வளைகுடாப் பிள்ளைகள் கணக்கு போட்டார்களோ இல்லையோ, திரையில் எறும்பு ஊர்வதை எண்ணினார்கள். அதற்குப் பிறகு, காலையில் வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு லேப்டாப் முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம் வைத்தார். இதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. மத்தியானம் பாண்டி அண்ணன் அவற்றைப் பிழிந்து ஜூஸ் போட்டுவிடுவார்.

இப்படியே சிரித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் பங்குனி பிறந்ததும் என் லேப்டாப் நிஜமாகவே கொதிக்க ஆரம்பித்தது.

முன்பெல்லாம் கோயில் வளைவோடு நின்றுவிடும். இப்போது சாதாரண வேலைக்கே மொட்டைப்பாறைக்குப் போனது. உள்ளே விசிறியில் தூசி அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். திறந்து சுத்தம் செய்தால் அரைமணி நேர வேலை. ஆனால் அது நிறுவனத்தின் லேப்டாப். அடிப்பக்கம் முத்திரை ஒட்டியிருக்கிறது, நான் திறக்கக் கூடாது. வேறு லேப்டாப்பில் அந்த வேலையைச் செய்யவும் அனுமதி கிடையாது. புதியது கேட்டு எழுதியிருந்தேன். வரிசையில் இருக்கிறது என்று பதில் வந்திருந்தது.

வாடிக்கையாளர்களோடு நடந்த ஓர் இணையக் கூட்டத்தின் நடுவில் என் லேப்டாப் செக்போஸ்ட்டைத் தொட்டு அணைந்தது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு கூட்டத்தில் மறுபடி அணைந்தது. என் மேலாளர் நல்லவர். கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அடுத்த மாதம் ஒரு பெரிய வாடிக்கையாளருக்கு எங்கள் மென்பொருளை நான்தான் ஓட்டிக்காட்ட வேண்டும். அதிலும் இப்படி ஆனால் ஊரிலிருந்து வேலை செய்வது சரிவராது, சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. சென்னையில் நான் மூன்று வருடம் இருந்திருக்கிறேன். அந்த ஊர்மேல் எனக்குப் புகார் ஒன்றும் கிடையாது. எனக்குப் பிடித்தது இங்கே இருப்பது. காலையில் எழுந்தால் மலை தெரியும். அவ்வளவுதான் காரணம், அதை மேலாளருக்கு எழுத முடியாது.

தேநீர் நேரத்தில் மாமாவிடம் சொன்னேன். கேட்டுவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"அவுக சொல்றதும் ஞாயந்தான். நம்ம வண்டி ஏறலைன்னா, ஆளை ஏறுற வண்டில ஏத்தி விடணும்."

அவ்வளவுதான் சொன்னார். அன்று மாலை ஹாரனைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் ஒரு யோசனையோடு வந்தார். பஞ்சர் கடையில் டயருக்குக் காற்றடிக்கும் குழாயை லேப்டாப்பின் ஓட்டையில் வைத்து ஒரே அடி. முத்திரையைத் தொட வேண்டாம், தூசி பறந்துவிடும். நான் மறுத்தேன். அந்த வேகத்துக்கு உள்ளே இருக்கும் விசிறியே பறந்துவிடும், அதோடு அந்தக் காற்றில் ஈரம் இருக்கும் என்றேன். நம்பிக்கை வராமல், வீட்டில் கிடந்த ஒரு பழைய செல்போன் சார்ஜரை எடுத்துப் போய்ச் சோதித்துப் பார்த்தார். சார்ஜரின் ஒரு பாதி சாலைக்கு அந்தப் பக்கம் கிடைத்தது. இன்னொரு பாதி இன்னும் கிடைக்கவில்லை.

"நீ சொன்னது சரித்தான் ஆத்தா" என்று வந்து சொன்னார். பஞ்சர் கடைப் பேச்சை அத்தோடு விட்டார்.

நான் என்னால் முடிந்ததைச் செய்தேன். இரண்டு செங்கல் துண்டு வைத்து லேப்டாப்பை உயர்த்தினேன். அதில் மூன்று டிகிரி குறைந்தது. மின்விசிறிக்கு நேர்க்கீழே இடம் மாற்றினேன். இன்னும் இரண்டு குறைந்தது. ஒத்திகை பார்த்தேன். முழு நேரமும் எண்பத்தெட்டைத் தாண்டவில்லை. போதும்.

அந்த நாள் வந்தது. மாமா அன்றைக்கு ஆள் சேரக் காத்திருக்கவில்லை. எனக்காக மட்டும் ரூமைத் திறந்தார். வண்டி காலியாகக் கிளம்பியது அதுதான் முதல் தடவை. சற்று நேரத்தில் டீச்சரும் பாண்டி அண்ணனும் வந்து அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். என் எதிரே ஒன்றுக்குப் பதிலாக ஐந்து எலுமிச்சம்பழம் இருந்தது.

கூட்டம் தொடங்கியது. திரையில் வாடிக்கையாளர்கள் நான்கு பேர், என் மேலாளர், நான். எழுபத்திரண்டு. மென்பொருளை ஓட்டிக்காட்ட ஆரம்பித்தேன். எழுபத்தெட்டு. எண்பது.

மின்சாரம் போனது.

இணையம் இன்வெர்ட்டரில் ஓடுகிறது, லேப்டாப் பேட்டரியில் ஓடுகிறது. ஆகவே கூட்டம் நிற்கவில்லை. நின்றது மின்விசிறி; அதை இன்வெர்ட்டரில் இணைக்கவில்லை. தகரக் கூரை, சித்திரை வெயில், வெளியே ஓர் இலை அசையவில்லை. வைகாசியிலும் ஆனியிலும் இந்தப் பள்ளத்தாக்கில் ஆளைத் தள்ளும் காற்று, அன்றைக்குப் பார்த்து எங்கோ ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது.

எண்பத்தைந்து. கோயில் வளைவு.

மாமா எழுந்தார். மலையில் ஆள் நிறைந்த ஜீப் செங்குத்தான வளைவில் திணறினால் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் இறங்கிவிட வேண்டும். வண்டி காலியாக ஏறும். ஆட்கள் குறுக்குப் பாதையில் நடந்து மேலே போய் மறுபடி ஏறிக்கொள்வார்கள். மாமா வாய் திறக்காமல் டீச்சரையும் பாண்டி அண்ணனையும் பார்த்து, இரண்டு கையாலும் சைகை காட்டினார். இறங்கு. அவர்களும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்கள். லேப்டாப் சூட்டுக்கு ரூமில் இருக்கும் ஆளை இறக்குவதால் என்ன ஆகும் என்று கேட்க எனக்கு நேரமில்லை.

ஆனால் அந்தச் சைகை என் மண்டைக்குள் ஏதோ செய்தது. என் வண்டியிலும் ஆள் நிறைய இருந்தார்கள். வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டே ஒவ்வொருவராக இறக்கினேன். மின்னஞ்சல், இறங்கு. அலுவலக அரட்டை, இறங்கு. உலாவியில் திறந்து கிடந்த பதினைந்து பக்கங்கள், எல்லோரும் இறங்கு. ஏறும் வேகம் குறைந்தது. ஆனாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. தொண்ணூறு. கடைசியாக மிஞ்சியது என் முகம். காணொளிக்கு ஆகும் சூடு கொஞ்சமில்லை. இணையம் மந்தமாக இருக்கிறது, கேமராவை அணைக்கிறேன் என்று ஆங்கிலத்தில் அடக்கமாகச் சொல்லிவிட்டு என்னையும் இறக்கிவிட்டேன்.

கேமரா அணைந்ததைப் பார்த்ததும் மாமா வெளியே ஓடினார். திரும்பி வந்தபோது கையில் திராட்சைப் பெட்டியின் அட்டை மூடிகள். பின்னால் டீச்சர், பாண்டி அண்ணன். மூன்று பேரும் என்னைச் சுற்றி நின்று விசிற ஆரம்பித்தார்கள். ஆளுக்கொரு திசையில் விசிறியதால் முதலில் ஒன்றும் ஆகவில்லை. டீச்சர் பொறுக்காமல் கையால் கோணம் காட்டி, மற்ற இருவரையும் தன் பக்கமே நிறுத்தினார். அதன்பிறகு காற்று காற்றாக வந்தது. தொண்ணூற்று மூன்றில் நின்றது. நின்றேவிட்டது.

வாடிக்கையாளர்களில் ஒருவர் அந்தச் சத்தம் என்ன என்று கேட்டார். காற்று, எங்கள் ஊர் இரண்டு மலைக்கு நடுவில் இருக்கிறது என்றேன். கொடுத்து வைத்தவர் நீங்கள் என்றார் அவர்.

கடைசிப் பகுதி மிச்சமிருந்தது. முழு வருடத்துக் கணக்கையும் மென்பொருள் ஒரே அறிக்கையாகத் திரட்டித் தர வேண்டும். அதைவிடக் கனமான வேலை அதில் இல்லை. பொத்தானை அழுத்தினேன். தொண்ணூற்றைந்து. மொட்டைப்பாறை. தொண்ணூற்றாறு. பாண்டி அண்ணன் தன் கனத்த உடம்பு முழுவதையும் அட்டையில் போட்டு விசிறினார். தொண்ணூற்றேழு.

மாமா அட்டையைக் கீழே வைத்தார். மூலைக்குப் போனார். வாளியிலிருந்து ஈரச்சாக்கை எடுத்தார்.

நான் பேச்சை நிறுத்தாமல், கண்ணாலேயே வேண்டாம் என்றேன். அவர் சாக்கைப் பிழிந்தார். சொட்டாத அளவுக்குப் பிழிந்தார். என் லேப்டாப்பைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். சுவரில் செக்போஸ்ட்டைப் பார்த்தார். பிறகு அந்த ஈரச்சாக்கை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, அசையாமல் நின்றார்.

அறிக்கை வந்துவிட்டது.

தொண்ணூற்றாறு. தொண்ணூற்று மூன்று. எண்பத்தெட்டு. இறக்கம். வாடிக்கையாளர்கள் நன்றி சொன்னார்கள், மேலாளர் நன்றி சொன்னார், நானும் சொன்னேன். எல்லாம் முடிந்ததை என் முகத்தில் பார்த்துவிட்ட மாமா, சாக்கோடு போய் ஹாரனை ஓர் அழுத்து அழுத்தினார். ஒலிவாங்கியை நான் இன்னும் அணைக்கவில்லை.

சாயங்காலம் மேலாளரிடமிருந்து செய்தி வந்தது. வாடிக்கையாளருக்குப் பிடித்துவிட்டதாம். நீ அங்கேயே இரு, புது லேப்டாப்பை நானே வரிசையில் முன்னால் நகர்த்துகிறேன் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே இன்னொரு வரி: "உங்க ஊர்க் காத்துக்கு ஹாரன் எல்லாம் உண்டா?"

மாமாவிடம் போய்ச் சொன்னேன். சென்னை இல்லை, இங்கேயேதான் என்றேன். அவர் சுவரில் தொண்ணூற்றேழுக்கு நேராகச் சாக்கட்டியால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"ரொம்பப் பயந்துட்டீகளா மாமா?"

"வண்டிக்குத்தான் பயந்தேன்" என்றார். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "ஏறுன ஆளை எறங்கி நடக்க வச்சிருக்கேன் ஆத்தா. வழியில விட்டுட்டுப் போனதில்ல."

இப்போதைய நிலவரம் இது. புது லேப்டாப் வந்துவிட்டது. நாற்பத்தேழில் கிளம்புகிறது. எவ்வளவு வேலை கொடுத்தாலும் லோயர் கேம்ப் பக்கத்தில்தான் நிற்கிறது. மாமாவுக்கு இதில் லேசான ஏமாற்றம். மலை ஏறாத வண்டி என்ன வண்டி என்று பாண்டி அண்ணனிடம் சொன்னாராம். எண் சரியாக இருப்பதைக் காலையில் நானே பார்த்துவிடுகிறேன். இருந்தாலும் அவர் வந்து புறங்கையை வைத்து, "கெளம்பலாம் ஆத்தா" என்று சொன்ன பிறகுதான் முதல் அழைப்பைத் தொடங்குகிறேன்.